பதினைந்து மட்டக்குதிரைகள்

சென்ற டிசம்பரில் எங்கள் பேத்திக்கு ஏழு வயது நிறைந்தது. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று ஆகஸ்டு மாதத்திலேயே அவளிடம் கேட்டுவிட்டோம். புத்தாடை, மிதிவண்டி என்று ஏதேனும் சொல்வாள் என எண்ணியிருந்தோம். அவள் சொன்னது ஒரே சொல்: "போனி." பொம்மையா என்று கேட்டதற்கு, "இல்லை தாத்தா, உண்மையான போனி" என்றாள்.

இக்காலக் குழந்தைகளுக்கு இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பதை அறிய வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஹாஸ்ப்ரோ என்னும் அமெரிக்க நிறுவனம் 1983-ஆம் ஆண்டில் 'மை லிட்டில் போனி' பொம்மைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்பெயரில் 2010 முதல் 2019 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடர், உலகெங்கும் குழந்தைகளை ஈர்த்தது. நட்பின் சிறப்பை ஆறு மட்டக்குதிரைகளின் வாயிலாகக் கூறும் தொடர் அது. செம்பூரில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் தளத்தில் வளரும் எங்கள் பேத்தியும் அதைக் கண்டு மகிழ்ந்தவள்தான்.

'போனி' என்பதைப் பலரும் குதிரைக்குட்டி என்று எண்ணுகின்றனர். அது குட்டியன்று, முழு வளர்ச்சி பெற்ற பின்னும் உயரம் குறைந்திருக்கும் குதிரை. தோள்மேட்டின் உயரம் 58 அங்குலத்திற்கு, அதாவது ஏறத்தாழ 147 சென்டிமீட்டருக்கு உட்பட்டிருப்பவற்றைப் பொதுவாகப் போனி என்பர். தமிழில் மட்டக்குதிரை என்ற நல்ல சொல் இருக்கிறது.

அந்த மட்டக்குதிரையைச் செம்பூருக்கு வரவழைப்பது எவ்வாறு என்பதே எங்கள் வீட்டில் மூன்று மாதங்கள் நடைபெற்ற ஆலோசனை. பிள்ளைகளுக்கு விழா எடுக்க எண்ணும் வாசகர்களுக்கு அந்த அனுபவம் பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு மணி நேரம், பதினைந்து பிள்ளைகள்

என் மகன் விழா ஏற்பாட்டாளர் ஒருவரிடம் விசாரித்து, மதிப்பீட்டுத் தாளுடன் வந்தான். அரங்கு, பலூன் வளைவு, போனி உருவம் பதித்த அணிச்சல், நிகழ்ச்சித் தொகுப்பாளர், ஒரு மணி நேரத்திற்கு உயிருள்ள மட்டக்குதிரை ஒன்று. மொத்தம் 65,000 ரூபாய். அவன் கையில் இதற்கென இருந்ததோ 15,000 ரூபாய். மீதி 50,000 ரூபாயைக் கடன் அட்டையில் செலுத்தி, பன்னிரண்டு தவணைகளாக மாற்றிக்கொள்ளலாம் என்பது அவனுடைய எண்ணம்.

"ஒரே பெண், அப்பா. ஆசைப்பட்டுக் கேட்கிறாள்" என்றான். நானும் தந்தையாக இருந்தவன்; அந்தச் சொற்களுக்கு எளிதில் மறுமொழி கூற இயலவில்லை.

என் மருமகள்தான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டாள். அழைக்கப்போகும் பிள்ளைகள் பதினைந்து பேர். குதிரை இருப்பது அறுபது நிமிடம். ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது நான்கு நிமிடம். ஏற்றிவிடும் நேரத்தையும் இறக்கிவிடும் நேரத்தையும் கழித்தால் இரண்டு நிமிடம் மிஞ்சும். எஞ்சிய ஐம்பத்தாறு நிமிடமும் ஒவ்வொரு பிள்ளையும் வரிசையில் நிற்க வேண்டும். "இதில் விளையாட்டு எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள்.

அவள் அடுத்து எழுதியது கடன் கணக்கு. 50,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்தால் அசல் மட்டுமே மாதம் 4,166 ரூபாய்க்கு மேல் வரும். வட்டி, செயற்பாட்டுக் கட்டணம், அவற்றின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி ஆகியவை அதன்மேல் சேரும். தவணையாக மாற்றாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்திவந்தாலோ நிலைமை இன்னும் கடினம். பல கடன் அட்டைகளில் நிலுவைக்கான வட்டி மாதத்திற்கு 3 சதவீதத்திற்கும் மேல். ஆண்டுக் கணக்கில் அது 36 சதவீதத்தைக் கடந்துவிடும். ஏழாவது பிறந்தநாளின் தவணை முடிவதற்குள் எட்டாவது பிறந்தநாள் வந்து நிற்கும்.

இவற்றோடு நான் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். குதிரை, பிற விலங்குகளிடமிருந்து தப்பி ஓடிப் பிழைத்த இனம். அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் உள்ள சிறு பகுதி தவிர ஏறத்தாழ எல்லாத் திசைகளையும் அதனால் காண முடியும். எதிர்பாராத ஒலியோ அசைவோ அதை மிரளச் செய்யும். ஓடு பதித்த தரையில் குளம்பு வழுக்கும். பலூன் வெடிக்கும், பதினைந்து பிள்ளைகள் கூச்சலிடும் இடத்தில் அதை நிறுத்தினால் துன்பம் குதிரைக்கு, ஆபத்து பிள்ளைகளுக்கு.

என் மகன் மதிப்பீட்டுத் தாளை மடித்து வைத்தான். ஆனால், பேத்தியிடம் யார் சொல்வது?

ஆளில்லாக் குதிரை

அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. 'கூடாது' என்ற ஒரு சொல்லால் குழந்தையின் ஆசையை அடைத்துவிடலாம். அவளுக்கு விளங்கவைப்பதற்குச் சற்று நேரம் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவளை அழைத்துக்கொண்டு செம்பூர் நிலையத்தில் ஹார்பர் வழித்தட ரயிலேறி, சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தில் இறங்கி, காலா கோடாவுக்குச் சென்றேன்.

காலா கோடா என்றால் கருங்குதிரை. ஏழாம் எட்வர்டு குதிரைமேல் அமர்ந்திருக்கும் கருநிறச் சிலை ஒன்று அங்கே இருந்ததால் அப்பகுதிக்கு அப்பெயர் வந்தது. அச்சிலை 1965-ஆம் ஆண்டில் அங்கிருந்து அகற்றப்பட்டுப் பின்னர் பைகுல்லா உயிரியல் பூங்காவில் வைக்கப்பட்டது. குதிரை போன பின்னும் பெயர் நிலைத்தது. 2017-ஆம் ஆண்டில் அங்கே புதிய கருங்குதிரைச் சிலை ஒன்று நிறுவப்பட்டது. அதன் முதுகில் அரசரும் இல்லை, சேணமும் இல்லை.

சிலையடியில் நின்றுகொண்டு, இந்த நகரத்திற்காக உழைத்த குதிரைகளைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். 1874-ஆம் ஆண்டில் பம்பாயில் முதன்முதலாக டிராம் ஓடியபோது அதை இழுத்தவை குதிரைகளே. மின்சார டிராம் 1907-இல்தான் வந்தது. வெள்ளி நிற அலங்காரத்துடன் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச்சென்ற விக்டோரியா வண்டிகளை நானே பல முறை கண்டிருக்கிறேன். கேளிக்கைக்காக அவ்வண்டிகளை ஓட்டுவது சட்டத்திற்குப் புறம்பானது என 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவற்றை நிறுத்த ஓராண்டு அவகாசம் தந்தது. விலங்குகளுக்குத் தேவையற்ற துன்பம் தருவதையும், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவதையும் குற்றமாகக் கருதும் சட்டம் நம் நாட்டில் 1960 முதலே இருக்கிறது.

இவ்வளவையும் கேட்ட பின், "அப்படியானால் என் பிறந்தநாளுக்குப் போனி வராதா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. சிலையும் வரலாறும் ஏழு வயதுப் பிள்ளையின் ஏமாற்றத்தைப் போக்கிவிடா என்பதை அப்போது உணர்ந்தேன்.

"ஒரு போனி வராது. பதினைந்து போனிகள் வரும். யாரும் வரிசையில் நிற்க வேண்டாம்" என்றேன். அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். திரும்பி வரும் வழியெல்லாம், பதினைந்தும் என்னென்ன நிறம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

தஞ்சைக் குதிரையும் தாராவி மண்ணும்

நான் துணிந்து வாக்குக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. தஞ்சை மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். சிறுவயதில் திருவிழாக்களில் பொய்க்கால் குதிரையாட்டம் கண்டவன். காலில் மரக்கட்டைகளைக் கட்டிக்கொண்டு, உள்ளீடற்ற குதிரைக்கூட்டை இடுப்பில் பொருத்தி, அரசனும் அரசியும் போல ஒப்பனை செய்து, நையாண்டி மேளத்திற்கு ஏற்ப ஆடுவார்கள். சற்றுத் தொலைவிலிருந்து பார்த்தால் குதிரைமேல் அமர்ந்து வருவதுபோலவே தோன்றும். தஞ்சையில் மராத்திய மன்னர் ஆட்சிக் காலத்தில் இக்கலை செழித்தது என்பர். மராட்டிய மண்ணில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று தன் விழாவுக்கு அந்தக் குதிரையைத் தேர்ந்தெடுப்பது பொருத்தம் என்றே பட்டது.

அதைப் பிள்ளைகளுக்கு ஏற்ப எளிமையாக்கினோம். மரக்கால் இல்லை. மளிகைக் கடையிலும் மின்பொருள் கடையிலும் கேட்டு வாங்கிய அட்டைப் பெட்டிகளின் அடியையும் மேற்புறத்தையும் வெட்டி நீக்கினோம். தோளில் மாட்டிக்கொள்ள அகலமான துணிப்பட்டைகள் இரண்டு. மெல்லிய கயிறு பிள்ளைகளின் தோளை அறுக்கும். தடித்த அட்டையில் குதிரைத் தலை. பிடரிக்கும் வாலுக்கும் கம்பளி நூல். பக்கங்களில் தொங்கப் பழைய சேலைத் துணி. மூன்று வாரம், மாலைதோறும் ஒரு மணி நேரம் செலவிட்டோம். விழாவுக்கு ஒரு வாரம் முன்பு பதினைந்து குதிரைகளும் வெண்ணிறத்தில் காத்திருந்தன. வண்ணம் தீட்டுவதை வேண்டுமென்றே பிள்ளைகளுக்கு விட்டுவைத்தோம்.

அடுத்து, களிமண் குதிரை. செம்பூரிலிருந்து சயான் வழியாகத் தாராவிக்குச் செல்வது சிறு பயணம். அங்குள்ள கும்பார்வாடாவில், குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து வந்த குயவர் குடும்பங்கள் பல தலைமுறைகளாகப் பானை வனைகின்றன. பிசைந்து பதப்படுத்திய களிமண்ணையும், பிள்ளைகளுக்குப் பரிசளிக்கச் சிறு மண் உண்டியல்களையும் அங்கே வாங்கினோம். சக்கரம் சுழல்வதைப் பார்த்து நின்ற பேத்தியை அங்கிருந்து அழைத்துவரச் சற்று நேரமாயிற்று.

ஐயனார் கோயில்களில் நேர்த்திக்கடனாக மண் குதிரைகள் செய்து வைக்கும் வழக்கத்தை அவளுக்குச் சொன்னேன். ஆளுயரத்திற்கும் மேலான குதிரைகள் சூளையில் சுடப்பட்டு வெயிலிலும் மழையிலும் நிற்பதையும், சுடாத மண் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் என்பதையும் கூறினேன். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது என்ற பழமொழியை அருகில் நின்ற என் மகனும் கேட்டான். "எனக்காகவும் சொல்கிறீர்கள்" என்று சிரித்தான். கையில் இல்லாத பணத்தை நம்பி விழா எடுப்பதும் அத்தகையதே.

பதினைந்தாயிரத்தின் கணக்கு

எங்கள் திட்டத்தில் செலவின் எல்லை முதலில் முடிவாயிற்று. பட்டியல் பின்னர் வந்தது. பெரும்பாலும் நாம் இதை மாற்றிச் செய்கிறோம். பட்டியலை எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைத் தேடுகிறோம். கையிலிருந்த 15,000 ரூபாயை இவ்வாறு பிரித்தோம்:

சிற்றுண்டி – 4,500 ரூபாய்
அணிச்சல் – 1,800 ரூபாய்
கட்டடத்தின் பொது அறைக்கு வாடகை – 1,500 ரூபாய்
களிமண், வண்ணம், துணி, நூல், பசை – 2,200 ரூபாய்
அலங்காரம் – 1,200 ரூபாய்
பரிசுப் பொருள், பிள்ளைக்கு 120 ரூபாய் வீதம் – 1,800 ரூபாய்
எதிர்பாராச் செலவு – 2,000 ரூபாய்

கடைசி வரியைக் காட்டி, அதையும் அலங்காரத்தில் சேர்த்துவிடலாமே என்றான் மகன். மருமகள் இணங்கவில்லை. அவள் செய்தது சரியென்பது விழா நாளில் விளங்கியது.

பரிசுப் பொருளைப் பற்றியும் ஒரு சொல். விலையுயர்ந்த பரிசைக் கொடுத்தனுப்பினால், அதைப் பெறும் வீட்டாருக்கு அடுத்த பிறந்தநாளில் அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்ற சுமை ஏற்படுகிறது. எங்கள் காவலாளியின் மகனும் பேத்தியின் விளையாட்டுத் தோழன், அவனையும் அழைத்திருந்தோம். அவன் வீட்டாரும் கூச்சமின்றிப் பெற்றுக்கொள்ளக்கூடியதாகப் பரிசு இருக்க வேண்டும் என்பதே எங்கள் அளவுகோல். விருந்தினர் பரிசு கொண்டுவர வேண்டாம் என்பதையும் அழைப்பிதழில் பணிவுடன் குறிப்பிட்டோம்.

விழா நாள்

மாலை நான்கு மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு முடிப்பது என்று வகுத்திருந்தோம். இந்த வயதுப் பிள்ளைகள் இரண்டரை மணி நேரத்திற்கு மேல் களைத்துவிடுவார்கள்.

முதல் அரை மணி நேரம் வண்ணம் தீட்டுதல். நீலக் குதிரை, ஊதாக் குதிரை, புலியைப் போலக் கோடு போட்ட குதிரை என ஒவ்வொன்றும் ஒரு விதம். வண்ணம் உலரும் நேரத்தில் களிமண் குதிரை செய்தார்கள். சிலவற்றுக்கு ஐந்து கால்கள் இருந்தன, யாரும் திருத்தவில்லை. அதன்பின் பச்சைக் குதிரை தாண்டும் விளையாட்டு. நாம் சிறுவயதில் தெருவில் விளையாடியதை அப்பிள்ளைகளில் பலர் அன்றுதான் முதன்முறையாகக் கண்டனர். கண்ணைக் கட்டிக்கொண்டு குதிரைப் படத்திற்கு வால் ஒட்டும் விளையாட்டில் என் மகன் வாலைச் சுவரில் ஒட்டினான்.

சிற்றுண்டியிலும் குதிரையை மறக்கவில்லை. குதிரைக்குரிய தீனியான கொள்ளு, சுண்டலாக வந்தது. காரட் அல்வா, ஆப்பிள் துண்டுகள், சிறு இட்லிகள், எலுமிச்சைச் சாறு. கொள்ளுச் சுண்டலை முதலில் ஒதுக்கிய பிள்ளைகள், அது குதிரைக்கு வலிமை தருவது என்றதும் மறுமுறை கேட்டு வாங்கினர்.

பதினைந்து பேரை எதிர்பார்த்தோம். வந்தவர்கள் பதினெட்டுப் பேர். தம்பி தங்கைகளைப் பெற்றோர் உடன் அழைத்து வந்திருந்தனர். எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கிய 2,000 ரூபாய் அப்போது உதவியது. கூடுதல் சிற்றுண்டி அருகிலிருந்த கடையிலிருந்து வந்தது. மீந்திருந்த அட்டைகளைக் கொண்டு மூன்று குதிரைகளை அரை மணி நேரத்தில் செய்தோம். மூன்று உண்டியல்களை மறுநாள் வாங்கி அவரவர் வீட்டில் கொடுத்தோம்.

இறுதியில் பதினெட்டுக் குதிரைகளும் கட்டடத்தின் முற்றத்தில் இறங்கின. மேளத்திற்குப் பதிலாக என் மனைவி ஒரு பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டினாள். பேத்தியின் குதிரைக்கு ஓடும்போதே தலை கழன்றது. அழுவாள் என்று அஞ்சினேன். காவலாளியின் மகன் தன் குதிரையை நிறுத்திவிட்டு வந்து அவளுடைய குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டான். ஒட்டுநாடா சுற்றியதும் இருவரும் மீண்டும் ஓடினர். வந்தவர்களில் ஒருவர்கூட வரிசையில் நிற்கவில்லை.

அன்றிரவு உறங்கப்போகும் முன், "உண்மையான போனியை எப்போது பார்ப்பது?" என்று கேட்டாள் பேத்தி. ஆசை மறையவில்லை, மறைய வேண்டும் என்று நாங்கள் விரும்பவும் இல்லை. கோடை விடுமுறையில் மாதேரான் செல்வதாகச் சொல்லியிருக்கிறோம். குர்லாவில் மாறி நேரல் வரை ரயிலில் சென்றால், அங்கிருந்து 1907 முதல் இயங்கும் மலை ரயில் இருக்கிறது. மோட்டார் வாகனங்களுக்குப் பெரும்பாலும் இடமில்லாத அந்த மலையூரில் மனிதரையும் பொருளையும் குதிரைகள் சுமக்கின்றன. அவற்றை அவற்றின் இடத்தில், அவற்றைப் பேணுவோருடன் அவள் காணட்டும்.

அடுத்த ஆண்டுக்கு

கடன் தவணைக்கென மாதம் 4,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க என் மகன் ஆயத்தமாக இருந்தான் அல்லவா? அத்தொகையை இப்போது வேறு வகையில் ஒதுக்குகிறான். மாதம் 1,250 ரூபாய் ஓராண்டுத் தொடர் வைப்பில் சேர்கிறது. பன்னிரண்டு மாதங்களில் அசல் 15,000 ரூபாயாகும். வட்டி அதற்கு மேல். எட்டாவது பிறந்தநாளுக்குரிய பணம் விழாவுக்கு முன்பே கையில் இருக்கும்.

மீதி 2,750 ரூபாய், பேத்தியின் பெயரில் தொடங்கிய செல்வமகள் சேமிப்புக் கணக்கில் மாதந்தோறும் சேர்கிறது; ஆண்டுக்கு 33,000 ரூபாய். பத்து வயது நிறையாத பெண் குழந்தையின் பெயரில் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ இக்கணக்கைத் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிக அளவாக 1,50,000 ரூபாய் செலுத்தலாம். பதினைந்து ஆண்டுகள் பணம் செலுத்த வேண்டும். தொடங்கிய நாளிலிருந்து இருபத்தொரு ஆண்டுகளில் கணக்கு முதிர்வடையும். உயர்கல்விக்காக இடையில் இருப்பின் ஒரு பகுதியைப் பெறவும் வழி உண்டு. வட்டி வீதத்தை அரசு காலாண்டுதோறும் அறிவிக்கிறது.

பிள்ளைகளுக்கு விழா எடுக்க எண்ணும் வாசகர்களுக்கு, எங்கள் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்:

1. செலவின் எல்லையை முதலில் எழுதுங்கள். பட்டியலைப் பின்னர் எழுதுங்கள்.
2. எதிர்பாராச் செலவுக்கு எட்டில் ஒரு பங்கேனும் ஒதுக்குங்கள்.
3. ஒவ்வோர் ஏற்பாட்டையும், ஒரு பிள்ளைக்கு எத்தனை நிமிட விளையாட்டைத் தருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.
4. பிள்ளைகள் தம் கையால் செய்யக்கூடியவற்றை அவர்களுக்கே விட்டுவையுங்கள்.
5. பிறந்தநாள் ஆண்டுதோறும் வருவது. அதற்கான சேமிப்பை முந்தைய பிறந்தநாளின் மறுமாதமே தொடங்குங்கள்.

பேத்தியின் மண் உண்டியல் எங்கள் கூடத்து அலமாரியில் இருக்கிறது. அதன் அருகில், ஐந்து கால்கள் கொண்ட அவளுடைய களிமண் குதிரையும் நிற்கிறது. மாதேரான் குதிரைக்கு வாங்கிக்கொடுக்கவிருக்கும் காரட்டுக்கென்று உண்டியலில் காசு சேர்த்து வருகிறாள்.